அம்மா வீடு மாதிரி

ஒரகடம் தொழிற்சாலையைப் பார்க்க வந்த கொரியத் தூதரக அதிகாரி, லைனில் நின்ற இசக்கிசெல்வியிடம், "இங்கே வாழ்க்கை எப்படி?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கலைமதி அதைத் தமிழில் சொன்னாள்.

"ஹாஸ்டல் கேட்ட விட்டு வெளிய விடமாட்டேங்காவ. அக்கா கல்யாணத்துக்கே போக முடியலக்கா."

பக்கத்தில் மேனேஜர் சிவசங்கர் முறைத்தார். கலைமதி அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா வீடு மாதிரி இருக்காம்," என்றாள் கொரிய மொழியில்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "கொடுத்துவைத்தவள். எனக்கு இந்தக் காரும் ஆபீசும்தான் ஜெயில். மகள் முகம் பார்த்து இரண்டு வருஷமாச்சு."

சிவசங்கர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"சாருக்கும் நம்ம ஊரு அம்மா வீடு மாதிரிதானாம்," என்றாள் கலைமதி தமிழில்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

கிளம்பிய அதிகாரியின் முன்னால் இசக்கிசெல்வி குனிந்து வணங்கி, மெதுவாக ஏதோ சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாம்மா சொல்லுச்சு அந்தப் பொண்ணு?" என்றார் சிவசங்கர்.

"பத்திரமா போய்ட்டு வாங்கன்னு, சார்."

இசக்கிசெல்வி சொன்னது, "உங்கள் மகளை ஒருதடவை போய்ப் பாருங்கள்" என்று. அதுவும் கொரிய மொழியில்.

மேனேஜர் நகர்ந்ததும் அவள் கலைமதியின் அருகில் வந்தாள்.

"ஹாஸ்டல்ல அடஞ்சு கெடக்கவளுக்குக் கொரியன் சீரியல விட்டா வேற என்னக்கா இருக்கு? நான் சொன்னதயும் அப்படியே சொல்லிருக்கலாம்லா."