முன்பக்க பிரேக்

வெள்ளை வேட்டிக்காரர் இறங்கும்வரை, பிக்கப்பை ஓட்டி வந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவர் இறங்கியதும் இரண்டடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டான். இதில் முதலாளி யார், டிரைவர் யார் என்று மெக்கானிக் உச்சிமாகாளி ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வண்டியும் அவர் கேள்விப்பட்ட வண்டிதான். போன மாதம் இடைசெவல் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையனை அடித்துப் போட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று கோவில்பட்டிப் பட்டறைகளில் அப்போது அதே பேச்சாகக் கிடந்தது. உடைந்த லைட்டை மாற்றியிருந்தார்கள். நெளிந்த தகடு அப்படியே இருந்தது.

"முன்னால டிஸ்க் பிரேக் போடணும்," என்றார் வேட்டிக்காரர்.

தொண்ணூறாம் வருஷத்து வண்டி அது. முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். டிஸ்க் என்றால் புது மாடல் சாமான்களை மதுரையிலிருந்து வரவழைத்து, ஹப் முதற்கொண்டு மாற்ற வேண்டும். லைனிங் மாற்றினாலே போதும், இந்தக் கிழட்டு வண்டிக்கு அவ்வளவு செலவு கட்டுபடியாகாது என்று உச்சிமாகாளி உள்ளதைச் சொன்னார். வேட்டிக்காரர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர்தான் கிட்டே வந்தான். "இவிய கேட்டது இது ஒண்ணுதான் அண்ணாச்சி. என்ன ஆனாலும் செஞ்சு குடுத்திருங்க."

சாமான் வந்து வேலை தொடங்கிய அன்றும் இரண்டு பேரும் வந்தார்கள். வேட்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். டிரைவர் வாங்கிவந்து வைத்த டீ ஆடை படிந்து ஆறிப் போனது. அவன் அதைக் கொட்டிவிட்டு இன்னொரு டீ வாங்கி வந்து வைத்தான், அதுவும் ஆறியது.

உச்சிமாகாளிக்கு அவன்மேல் பரிதாபமும் இவர்மேல் எரிச்சலும் வந்தது. உளுந்து மூட்டையை ஏற்று ஏற்று என்று ஏற்றச் சொல்லியிருப்பார். பிரேக்கைப் பார்க்கணும் என்றால் அடுத்த மாசம் பார்க்கலாம் என்றிருப்பார். கேஸ் மட்டும் ஓட்டினவன் தலையில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியில் பிரேக் குழாயில் காற்று எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதித்துக் கொடுக்க வேண்டும். டிரைவர் இன்னொரு டப்பா பிரேக் ஆயில் வாங்கக் கடைக்குப் போயிருந்ததால், வேட்டிக்காரரை ஏறி மிதிக்கச் சொல்லிவிட்டு உச்சிமாகாளி சக்கரத்தடியில் படுத்தார். எத்தனை முறை மிதிக்கச் சொல்லியும் ஒரு சொட்டு ஆயில் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், அவருடைய கால் கிளச்சின் மேல் இருந்தது.

"நடுவுல இருக்கதுதான் பிரேக்கு," என்றார் உச்சிமாகாளி. பிரேக் எதுவென்றே தெரியாத மனுசன் அதற்கு எங்கே செலவு பண்ணியிருக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை அவர் சரியாக மிதித்தார். போதும், காலை எடுங்கள் என்று சொன்ன பிறகும் எடுக்கவில்லை. அதட்டித்தான் எடுக்க வைக்க வேண்டியிருந்தது.

வெயில் தாழ, ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். நீங்களே ஓட்டுங்க அண்ணாச்சி என்று டிரைவர் ஒதுங்கிக்கொள்ள, உச்சிமாகாளியே ஓட்டினார். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. அவருக்குத் திருப்திதான், வேட்டிக்காரருக்குப் போதவில்லை. அவர் ரோட்டோர முள் உடைமரத்திலிருந்து காலடியால் அளந்து போய் நடு ரோட்டில் நின்றுகொண்டார். அன்றைக்கு வந்த வேகத்தில் வர வேண்டும், மரத்துக்கு நேராக மிதிக்க வேண்டும், வண்டி தன்னைத் தொடக்கூடாது என்றார். அன்றைக்குப் பிரேக் மிதித்த இடத்திலிருந்து பையனை இடித்த இடம்வரை அளந்து வைத்திருக்கிறாராம்.

எப்படியும் விலகிவிடுவார் என்று நினைத்துத்தான் உச்சிமாகாளி வந்தார். அவர் விலகவில்லை. மரத்தடியில் ஓங்கி மிதித்ததில் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் வண்டி நின்று, புழுதி எழும்பி அவர்மேல் இறங்கியது. அவர் கண்ணைக்கூட மூடவில்லை.

"வண்டி நின்னுட்டு," என்றார்.

உச்சிமாகாளி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். இத்தனை நாள் அடக்கி வைத்ததைக் கொட்டிவிட்டார்.

"இதை அன்னைக்கே செஞ்சிருந்தா ஒரு பிள்ளை உசுரோட இருந்திருக்கும். கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோசனம்?"

"நாளைக்கும் இந்த வண்டி அந்தப் பள்ளிக்கூடத்து வழியாத்தான போவணும்," என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. யாரோ கேட்டதற்கு பஸ் நேரம் சொல்வது மாதிரி இருந்தது.

அதற்கு மேல் இவரிடம் என்ன பேச என்று உச்சிமாகாளி சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. உடைமரத்தடியில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குத்தவைத்திருந்த டிரைவரைக் கைகாட்டினார்.

"அங்கன குடுங்க. வண்டி அவரு வண்டி அண்ணாச்சி. பிள்ளைதான் எம்பிள்ளை."