பெல்டிங் வீட்டுப் பன்றி அதிகாரி

"அடுத்த பதவி, பன்றி பிடிக்கும் அதிகாரி!"

சபைத் தலைவர் அறிவித்ததுமே ஊர்க்கூட்டம் களைகட்டியது.

எங்கள் மாசசூசெட்ஸ் பக்கத்தில் அந்தப் பதவி புது மாப்பிள்ளைகளுக்கென்றே வைத்திருப்பது. மூக்கில் வளையம் இல்லாமல் தெருவில் திரியும் பன்றியைத் துரத்திப் பிடித்து ஊர்ப்பட்டியில் அடைக்க வேண்டும். சேற்றில் விழாமல் அது நடக்காது. ஊரே நின்று வேடிக்கை பார்க்கும்.

கொல்லர் டட்டில் எழுந்தார்.

"ஜோதம் பெல்டிங்!"

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

பெல்டிங் குடும்பம் என்றால் சும்மாவா? கொள்ளுத்தாத்தா கவர்னரின் ஆலோசனைச் சபையில் இருந்தவர். தாத்தா, இங்கிலாந்து ராஜா நியமித்த நீதிபதி. ராஜாவை நாங்கள் விரட்டியடித்த பிறகு, புது கவர்னர் நியமித்த நீதிபதி அப்பா எலிஹு பெல்டிங். ஜோதமோ பாஸ்டனில் சட்டம் படித்தவன். ஜனவரியில்தான் கல்யாணம் ஆனது. வருகிற மே மாதம் சட்டசபைத் தேர்தலில் நிற்கப் போகிறான். அவனைப் போய்ப் பன்றி பிடிக்கச் சொல்வதா?

எல்லார் கண்ணும் முன்வரிசைக்குப் போயிற்று. நீதிபதி லேசாக முறைத்தால் போதும், டட்டில் உட்கார்ந்துவிடுவார்.

நீதிபதி கையைத் தூக்கினார். ஆதரித்து!

அப்புறம் என்ன, கூட்டம் மொத்தமும் கை தூக்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஜோதம் தொப்பியை நாற்காலியில் வீசினான்.

"நீங்களுமாப்பா? ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டும்." நீதிபதி தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்தார். "நாளைக்குக் காலையில வந்து உறுதிமொழி எடுத்துக்கோ. நான்தான் செஞ்சு வைக்கணும்."

"முடியாது. பன்னி பிடிக்கிறவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"அப்ப மே மாசம் தேர்தல்லயும் நிக்காதே."

"புரியுதுப்பா. நீங்க மூணு தடவை நின்னு மூணு தடவையும் தோத்தீங்க. நான் ஜெயிச்சிடுவேனோன்னு உங்களுக்கு வயிறு எரியுது."

பிள்ளை அப்பாவிடம் சொல்லக்கூடாத பேச்சு. நீதிபதி ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

ஜோதமின் மனைவி கெசையா பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"என்னங்க, இந்த வீட்டுச் சுவர்ல ஏற்கெனவே மூணு பேர் பொய்முடி வெச்சுக்கிட்டு முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாலாவதா நீங்களும் தொங்கணுமா? போய் ஒரு பன்னியைப் பிடிங்க. நானும் கூட வரேன்."

சுவரில் தொங்கிய மூவரில் ஒருவரான நீதிபதி, தலை நிமிராமல் ரொட்டியைக் கடித்தார்.

மறுநாள் ஜோதம் கடுகடு முகத்தோடு உறுதிமொழி எடுத்துக்கொண்டான். அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்த வாரமே பாதிரியார் வீட்டுப் பட்டாணிப் பாத்தியில் ஒரு பன்றி புகுந்தது. மூக்கில் வளையம் கிடையாது. யாருடையது என்று பார்த்தால், கொல்லர் டட்டிலுடையதுதான். ஊர்ப் பன்றிகளுக்கெல்லாம் வளையம் அடித்துக் கொடுக்கிற மகராசன்!

கூட்டம் கூடிவிட்டது.

"சின்ன ஐயா, வாலை விடுங்க, பின்னங்காலைப் பிடிங்க!"

"லத்தீன்ல சொல்லிப் பாருங்க, ஒருவேளை நிக்கும்!"

ஜோதம் பாய்ந்தான், விழுந்தான். எழுந்து ஓடினான், பாதிரியாரின் எருக்குழியிலேயே விழுந்தான். கழுத்துவரை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பன்றி திரும்பிப் பார்த்துவிட்டு, நிதானமாக ஒரு பட்டாணிக் கொடியைக் கடித்தது. அதைப் பார்த்ததும் அவனே குபீரென்று சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள்.

"ஜோதம், இந்தப் பக்கம்! விடாதடா!"

"மடக்கு, மடக்கு!"

கெசையா பாவாடையை விரித்துப் பிடித்து வேலி இடைவெளியை மறித்தாள். கடைசியில் பன்றியின் பின்னங்கால் ஜோதம் கைக்கு வந்தது. ஊரே கைதட்ட, பன்றியைப் பட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

சற்று நேரத்தில் பன்றியை மீட்க டட்டில் வந்தார். கையில் ஒரு கூஜா ஆப்பிள் கள்.

"குடி தம்பி. மே மாசம் என் ஓட்டு உனக்குத்தான். எங்க தெரு ஓட்டும் உனக்குத்தான்."

"பன்னியைப் பிடிச்சதுக்கா?"

"விழுந்துட்டுச் சிரிச்சியே, அதுக்கு. பெல்டிங் வீட்டு ஆள் சிரிச்சு இன்னைக்குத்தான்யா பார்த்தோம்."

ஜோதம் கூஜாவை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"என் பேரைச் சொன்னீங்கன்னு உங்க மேல பயங்கரக் கோபத்துல இருந்தேன். இப்போ உங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

"எனக்கு எதுக்கு? உன் பேரைச் சொல்ற தைரியம் எனக்கு ஏது? உங்கப்பா கல்யாணம் ஆன வருஷம் அவர் பேரை யாருமே சொல்லலை. பெரிய வீட்டுப் பிள்ளையாச்சே, மரியாதை! அப்புறம் மூணு தேர்தல்ல நின்னார். அப்பவும் யாரும் சொல்லலை."

டட்டில் ஒரு வாய் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கூட்டத்துக்கு முந்தின நாள் பட்டறைக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார் மனுஷன். 'டட்டில், எனக்குக் காட்டின மரியாதையை என் பையனுக்கும் காட்டிடாதீங்க'ன்னு கெஞ்சினார்."