முப்பத்தாறு குப்பிகள்

புகார்க் கடிதத்தில் மருந்தாளுநர் தயங்காமல் கையெழுத்துப் போட்டாள். பதினொரு வருடமாகக் கூடப்பிறந்த தங்கைபோல நினைத்திருந்த நர்ஸின் மேல் எழுதிய புகார் அது. நர்ஸ் அவளை அக்கா என்றும், அவள் கணவரை மாமா என்றும்தான் கூப்பிடுவாள்.

மூன்று நாட்களுக்கு முன் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அங்கே இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கம்ப்யூட்டரில் தேடியபோது, இங்கே முப்பத்தாறு குப்பிகள் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. அதை நம்பி ஒன்றரை மணி நேரம் ஓடி வந்திருந்தார்கள்.

குளிர்பெட்டியைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. வேறிடத்திலிருந்து மருந்து வந்து சேர்வதற்குள் சிறுமிக்கு நினைவு தப்பிவிட்டது. இன்றுவரை அவள் கண் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை மாலை நாலேகாலுக்கு, முப்பத்தாறு குப்பிகளும் வந்து சேர்ந்ததாகப் பதிவாகியிருந்தது. பதிவு செய்தவர் என்ற இடத்தில் மருந்தாளுநரின் பெயர் இருந்தது.

ஆனால் அன்று அவள் வேலைக்கே வரவில்லை. மாமியாருக்கு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை என்று காலையிலிருந்து இருட்டும்வரை இன்னொரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். கணவரும் கூடவே இருந்தார். வெயிலில் நின்ற வண்டியை நிழலுக்கு மாற்றக்கூடத் தோன்றாமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், அம்மா கண் விழிக்கும்வரை நகராமல் இருந்தார்.

மகளின் பிறந்த தேதியைத்தான் அவள் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். தான் லீவு போடும் நாட்களில் அவசரத்துக்கு ஆகட்டும் என்று அதை நர்ஸ் ஒருத்தியிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

மருந்து வண்டி ஓட்டுவது அவள் கணவர்தான். அன்று காலை எட்டு மணிக்கே இன்சுலின் பெட்டியை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுத்தான் அதே வண்டியில் அம்மாவிடம் வந்ததாகச் சொன்னார். நர்ஸோ அன்று வண்டி வரவே இல்லை என்று சாதித்தாள். யாரை நம்புவது என்று மருந்தாளுநர் ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை. நர்ஸ்தான் பெட்டியை வாங்கி எங்கேயோ போட்டுக் கெடுத்துவிட்டு, தப்பிக்கத் தன் பெயரைப் பயன்படுத்திவிட்டாள் என்றே முடிவுகட்டினாள்.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புற ஆளு நீ," என்றார் கணவர். புகாரில் என்ன எழுத வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

இன்று தலைமை மருத்துவரின் அறையில் விசாரணை. வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட நர்ஸ் சீருடை இல்லாமல் வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் பொண்ணு வயசுதான் அந்தப் பிள்ளைக்கும். உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டாள் மருந்தாளுநர்.

"உங்க பாஸ்வேர்டை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லக்கா."

"அக்கான்னு கூப்பிடாத."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரர் இடையில் புகுந்தார். அந்தப் பதிவு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் செய்ததல்ல, ஒரு போனிலிருந்து செய்தது, அந்த போனின் நம்பரும் கிடைத்துவிட்டது என்றார். நம்பரை ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் நீட்டி, அவளுடையதா என்று கேட்டார்.

நர்ஸ் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். விசாரணையை இதோடு நிறுத்திவிடுங்கள், ராஜினாமா எழுதித் தருகிறேன் என்று டாக்டரிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

மருந்தாளுநருக்கு நெஞ்சு கொதித்தது. இத்தனை வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் விடியவிடிய விழித்திருந்தவள். அப்படிப்பட்டவள் இப்படிக் கழுத்தை அறுத்துவிட்டாளே.

"ராஜினாமா பண்ணிட்டு ஓடிடலாம்னு பாக்காத. அது யார் நம்பர்னு உன் வாயால சொல்லிட்டுப் போ."

"வேண்டாம்க்கா."

"சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

நர்ஸின் கண் நிறைந்துவிட்டது. உள்ளங்கையை எடுத்து, தாளை மெதுவாக மருந்தாளுநரின் பக்கம் நகர்த்தினாள்.

"மாமா நம்பர்க்கா."