முட்டுக்கட்டை வந்த நாள்

"முட்டுக்கட்டை இன்னைக்கும் வரலையா?"

லேபின் தலைவியான மேடம் கேட்டது தன் ஆராய்ச்சி மாணவியிடம். "வரல மேடம்" என்றாள், தன் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்ட மாதிரி.

முட்டுக்கட்டை ஆளல்ல, ஒரு புரதம். செல்லுக்கு வெளியிலிருந்து 'வளரு' என்று எந்தச் சேதி வந்தாலும் உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு நிற்கும். செல்லை அரைத்த சாற்றைத் தாளில் ஏற்றி, இந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை அதில் ஊற்றினால், தாளின் மேல் வைத்து எடுக்கும் ஃபிலிமில் கறுப்புக் கோடு விழ வேண்டும்.

அவளுக்கோ ஆறு மாதமாக வெறும் வெள்ளைதான். கூட வேலை பார்க்கும் புண்ணியவான்கள் அவளுக்கு 'வெள்ளைத்தாள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அந்த செல்லுல அது இருக்குன்னு போன வருஷம் உலகத்துக்கே சொன்னது நான். எனக்கு வந்தது உனக்கு வரலைன்னா கோளாறு உன் கையில. ஃபிலிமை எவ்வளவு நேரம் வெக்கற?"

"ரெண்டு நிமிஷம் மேடம். அதுக்கு மேல வெச்சா கண்ட கறையும் கோடா விழும்னு..."

"நான் அரை மணி நேரம் வெச்சேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கோடு வரணும். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வேறு ஆள் வந்தால் இவளுடைய மூன்று வருடப் படிப்பு அம்போ. லேப் மருந்துகளை வைத்திருக்கும் ஸ்டோருக்கு நேரே ஓடினாள்.

ஸ்டோர் அண்ணன் தங்கமான மனுஷர். யார் எதைக் கேட்டு வந்தாலும் இல்லையென்று சொல்ல வாய் வராது.

"அண்ணே, புதுசா வாங்கின மூணு ஆன்டிபாடியும் காலை வாரிடுச்சு. மேடம் போட்ட அதே பழசு இருக்கா? ஒரு சொட்டு போதும்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"என் படிப்பே அதுலதாண்ணே தொங்குது" என்றவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

அண்ணன் உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்துச் சுண்டுவிரல் அளவு குழாயோடு திரும்பி வந்தார். "இந்தா, வெச்சுக்க. யார்கிட்டயும் மூச்சு விடாத."

வெள்ளிக்கிழமை மேடம் சொன்னபடி அரை மணி நேரம் வைத்தாள். ஃபிலிமை எடுத்தால் கோடு! ஒன்றல்ல, ஐந்து; மை தீட்டின மாதிரி. இருட்டறையிலேயே இரண்டு குதி குதித்தாள்.

மேடம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நான் சொல்லல?" என்று தன்னையே மெச்சிக்கொண்டு, கட்டுரையை இன்றே எழுதி முடிக்கச் சொன்னார்.

கட்டுரையில் ஆன்டிபாடியின் கம்பெனியும் எண்ணும் போட வேண்டுமே. மறுபடியும் ஸ்டோருக்குப் போனாள்.

"உங்க புண்ணியத்துல பிழைச்சேண்ணே! அந்த பாட்டில்ல இருக்கற நம்பரை மட்டும் சொல்லுங்க."

அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கட்டுரையில எல்லாம் போட்டுடாதம்மா. அந்த பாட்டில் காலியாகி ரெண்டு வருஷமாச்சு. நீ அழுதியா, எனக்கு மனசு கேக்கல. வெறும் உப்புத்தண்ணியைத்தான் ஊத்திக் கொடுத்தேன்."

ஆன்டிபாடியே இல்லாமல் விழுந்த கோடு என்றால் அது வெறும் கறைதான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஐயோ அண்ணே, என் குடியைக் கெடுத்தீங்களே! அப்ப மேடத்துக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

அண்ணன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவங்களும் போன வருஷம் இங்க வந்து அழுதாங்கம்மா."