பட்டாளத்துச் சம்பளம்

"இன்னாமா ஜெனி, தேதி அஞ்சு ஆயிடுச்சி. பட்டாளத்துச் சம்பளம் வந்திருக்குமே?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுக்கொண்டு வந்தார் ஜார்ஜ். ஜெனியின் கணவன் ஃப்ரெடிக்கு அக்கா புருஷன். காசிமேட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

ஜெனி குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கண்ணில் தூக்கம் பாக்கி இருந்தது. இறால் கம்பெனியில் முந்தின நாள் இரண்டு ஷிப்ட் நின்றிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் லீவு.

"ஒக்காருங்கண்ணா. டீ போடறேன்."

"டீ கெடக்கட்டும். வண்டிக்கு எஃப்.சி. எடுக்கணும். ஒரு முப்பதாயிரம் குடு. மூணு மாசத்துல திருப்பிடறேன்."

"இல்லண்ணா."

"இல்லியா? இந்தத் தெருவுலயே மொத பட்டாளத்துக்காரன் வூடு இது. ஃப்ரெடி ரயில் ஏறுன அன்னிக்கு முக்குல பேனர் வெச்சவனே நான்தான்."

ஃப்ரெடி பட்டாளத்தில் சேர வடக்கே கிளம்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று திருவொற்றியூரிலிருந்து பாதித் தெரு சென்ட்ரல் வரைக்கும் போய் மாலை போட்டுவிட்டு வந்தது. அடுத்த வாரமே வீட்டுக்காரர் வாடகையில் ஆயிரம் ஏற்றினார். சீட்டு பிடிக்கிற அக்கா பெரிய சீட்டில் சேரச் சொன்னாள். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கேட்காமலேயே ஐயாயிரம் என்று எழுதிக்கொண்டார்கள். எல்லோரிடமும் இல்லை, இல்லை என்று சொல்லியே ஜெனி தெருவில் பிசினாறி என்று பேர் வாங்கியிருந்தாள்.

"புதுசா சேந்தவங்களுக்குப் பேப்பர்லாம் சரியாகி சம்பளம் வர நாளாவுதாம்ண்ணா."

"நாலு மாசமாவா? எனக்கே காது குத்தறியாம்மா?"

ஜெனி டீ போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அதற்குள் மாமியார் அருளம்மா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நல்லா கேளுங்க மாப்ள! என்னிக்குக் கேட்டாலும் இதே பேச்சுதான். வந்துச்சா வரலியான்னு பெத்தவ எனக்கே தெரியாது. ஒரு நூறு ரூபா கண்ணுல காட்டல. எனக்கே இந்தக் கதின்னா உங்களுக்கா எடுத்துக் குடுத்துடப் போறா?"

ஜார்ஜின் பார்வை ஜெனியின் கழுத்துக்குப் போனது. செயின் கிடந்த இடத்தில் மஞ்சள் கயிறு.

"செயின் எங்கம்மா? அடகு கிடகு வெச்சிட்டியா?"

ஜெனியின் கை தானாகக் கழுத்தை மறைத்தது.

"தங்கத்தப் போட்டுகினு இறால் கம்பெனில ஐஸ் தண்ணில நிப்பாளா?" அருளம்மா முந்திக்கொண்டாள். "பீரோவுல வெச்சிப் பூட்டிட்டு சாவிய இடுப்புல சொருவிகினு கீறா. என்னைத் தொடக்கூட வுடறதில்ல."

ஜெனி தலை குனிந்தாள். யார் வந்து எது கேட்டாலும் மாமியார் இப்படித்தான் நடுவில் வந்து நின்று ஏசுவாள். முதல் மாதம் அழுகை வந்தது. இப்போது அதற்கும் தெம்பில்லை.

"சரி, ஃப்ரெடிக்கு போன் போடு. நானே பேசிக்கறேன். மச்சான் எனக்கு இல்லன்னு சொல்ல மாட்டான்."

போன் ஜன்னல் திட்டில்தான் இருந்தது. ஜெனி அதை எடுக்கவில்லை.

"போடும்மா."

"டிரெய்னிங்ல போனப் புடுங்கி வெச்சிக்குவாங்க மாப்ள, இதுகூடவா தெரியாது?" என்றாள் அருளம்மா. "ஞாயித்துக்கெழம அஞ்சு நிமிசம் குடுப்பாங்களாம். அதுவும் பொண்டாட்டிகிட்டப் பேசறதுக்கே சரியாப் போயிடுது. பத்து மாசம் சொமந்தவ நான், என் புள்ள கொரலக் கேட்டு எத்தினி நாளாச்சி!"

புடவைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினாள். அழுகிற மாமியார் முன்னால் உட்கார்ந்து கடன் கேட்க ஜார்ஜுக்குச் சங்கடமாக இருந்தது. எழுந்துகொண்டார்.

"பட்டாளத்துக்காரன் பொண்டாட்டின்னா மனசு பெருசா இருக்கணும் ஜெனி. பாவம், அத்தையையாவது நல்லா பாத்துக்க."

ஆட்டோ சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. ஜெனி முகம் கழுவிக்கொண்டு, சோற்றையும் குழம்பையும் டிபன் கேரியரில் எடுத்து வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" அருளம்மா கேட்டாள்.

"செவ்வாக்கெழமையாச்சே அத்த. அந்தோணியார் கோயிலுக்கு. வாசல்ல கீற ஏழைங்களுக்குச் சோறு குடுக்கறதா வேண்டிகினேன்."

அருளம்மா உள்ளே போனாள். வறுத்த நெத்திலியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கேரியரின் மேல் தட்டில் கொட்டினாள். மருமகளின் முகத்தைப் பார்க்காமலே, இத்தனை நாளாக இல்லாத தணிந்த குரலில் சொன்னாள்:

"அத்திப்பட்டு பவர்ஹவுசுல சாம்பல் லாரி கழுவிகினு அங்கயே படுத்துக் கெடக்கறவன், வெறுங்கொழம்ப ஊத்திகினு எப்டித் துன்னுவான்? முட்டி சரியில்லன்னு பட்டாளம் திருப்பி அனுப்பிச்சா, பெத்தவளுமா அனுப்பிடுவா? வூட்டுக்கு வரச் சொல்லுடி."