மரப்பெட்டிக்கு முன்னால்

ஜிம்மில், தாவி ஏறிப் பழகுவதற்கான மரப்பெட்டியின் மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பெட்டிக்கு முன்னால் பெண் பயிற்சியாளர் நிற்கிறாள். தனிப்பயிற்சிக்கென்று அவளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியதே இப்போதுதான்; கர்ப்பம் என்று தெரிந்தால் எல்லோரையும் வேறு ஆளிடம் தள்ளிவிடுவார்களோ என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாள். குதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். "விளம்பரத்துக்குப் போடணும். ஜம்முனு ஏறிக் குதிங்க பாப்போம்" என்று மேனேஜர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார். அவள் முழங்காலை மடக்குகிறாள். கை தானாக அடிவயிற்றுக்குப் போய், சுட்டதுபோலத் திரும்புகிறது. அவளிடம் பயிற்சிக்கு வரும் வயதான அம்மாள், துண்டால் கழுத்தைத் துடைத்தபடியே அதைப் பார்த்துவிடுகிறார். "சின்னப் பொண்ணு குதிக்கறதுல என்ன அதிசயம்? இந்தக் கிழவி குதிக்கறேன், எடுங்க தம்பி!" என்று முன்னால் வந்து, மூச்சைப் பிடித்துத் தாவுகிறார். ஷூ கிரீச்சிடுகிறது, பெட்டி ஆடுகிறது, மேனேஜர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இறங்குவதற்காக அவள் தோளைப் பற்றும் அம்மாள் காதோரம் கேட்கிறார்: "வீட்லயாவது சொன்னியாம்மா?" மேனேஜரின் போன் இன்னும் இறங்கவில்லை. முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவள், "சூப்பர்ம்மா, இன்னொண்ணு!" என்று உரக்கச் சொல்கிறாள்.