எட்டாவது கம்ப்யூட்டர்

"யாருடா கம்ப்யூட்டருக்கெல்லாம் சத்து மருந்து கொடுத்தது? எழுத்தெல்லாம் இப்படி ஊதிக் கிடக்குது?"

திங்கட்கிழமை காலை. கானா நாட்டுக் குமாசி நகரத்தில், அந்த ஊர்த் துவி மொழியில் பாடப் புத்தகங்கள் போடும் அந்தப் பதிப்பகத்தில் முதல் குரல் செர்வா ஆன்ட்டியுடையதுதான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே புரூஃப் பார்ப்பவர். அவர் வாய்க்கு முதலாளியே கொஞ்சம் ஒதுங்கிப் போவார்.

எட்டு கம்ப்யூட்டரிலும் அதே கதி. ஒவ்வொரு எழுத்தும் சோளமாவில் பிடிக்கும் கென்கே உருண்டை மாதிரி கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் ஒப்போகுவைத் திரும்பிப் பார்த்தார்கள். லினக்ஸ் போட்டு அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன். சும்மா இருக்கவே தெரியாது, எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான்.

"நான்தான் பண்ணேன். எழுத்தோட ஓரமெல்லாம் மங்கலா இருந்துச்சு. அதைச் சரி பண்ணி, அளவையும் கொஞ்சம் ஏத்தினேன்."

"கொஞ்சமா? ஒரு பக்கம் படிக்கறதுக்குள்ள உருட்டி உருட்டி என் விரலே தேஞ்சிடும் போலிருக்கு," என்றார் ஆன்ட்டி. ஆபீஸே சிரித்தது.

சத்தம் கேட்டு முதலாளி அம்போன்சா வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதென்ன, கண்ணு தெரியாதவங்களுக்கா? கண்ணு தெரியாதவங்களுக்கு இங்க வேலையே கிடையாது. போன மாசம் மூணாம் வகுப்புப் புத்தகத்துல எத்தனை தப்பு. இன்னும் ஒரு தப்பு வரட்டும், விட்டவங்க வீட்டுக்குத்தான். சரி, இந்தக் குண்டு எழுத்து யாருக்காவது வேணுமா? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. செர்வா ஆன்ட்டி கையை இறுக்கக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மத்தியானத்துக்குள்ள எல்லாம் பழையபடி இருக்கணும். இனிமே என்னைக் கேக்காம கை வெச்சே, உனக்கும் வேலை இல்ல."

ஒப்போகு உடனே வேலையில் இறங்கினான். ஒவ்வொரு மெஷினாக மாற்றிக்கொண்டு வந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் கிண்டல் செய்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

எட்டாவது, ஆன்ட்டியுடையது. அங்கே ஏதேதோ தட்டினான், தலையைச் சொறிந்தான், கடைசியில் முதலாளியைக் கூப்பிட்டான்.

"பாஸ், இந்த மெஷின்ல மட்டும் பழைய எழுத்துரு உட்கார மாட்டேங்குது. நம்ம துவி எழுத்து வர்ற இடத்துலெல்லாம் வெறும் கட்டம் வருது பாருங்க."

கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

"இப்ப என்ன பண்றது?"

"அந்தப் பெரிய எழுத்துதான் இதுல ஒழுங்கா வருது. ஆன்ட்டிதான் பொறுத்துக்கணும்."

முதலாளிக்குச் சங்கடமாகிவிட்டது. "கொஞ்ச நாள் சமாளிங்க ஆன்ட்டி. அடுத்து வாங்கற புது மெஷின் உங்களுக்குத்தான்."

"எனக்கெதுக்கு பாஸ்? சின்னவங்களுக்குக் கொடுங்க. என் தலையெழுத்து இவ்வளவு பெருசுன்னா யாரு என்ன பண்ண முடியும்?"

என்ன மனசு இந்த அம்மாவுக்கு என்று ஆபீஸே மெச்சிக்கொண்டது.

மத்தியானம் ஒப்போகுவின் மேஜையில் ஒரு பொட்டலம் வந்து உட்கார்ந்தது. கென்கே, பொரித்த மீன், நிறைய மிளகாய்த் தொக்கு. பக்கத்தில் செர்வா ஆன்ட்டி. அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"அந்தக் கட்டத்தை வர வெச்சது நீதானே?"

மீனைப் பிய்த்தபடி தலையாட்டினான்.

"காலையில உன்னை அவ்வளவு கிண்டல் பண்ணேனே, அப்புறமும் எனக்காக ஏண்டா இப்படிப் பண்ணே?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க ஸ்கிரீனை போன்ல படம் பிடிச்சு, அதை ரெண்டு விரலால விரிச்சு விரிச்சுப் படிச்சிட்டிருந்தீங்க ஆன்ட்டி. உங்களோடத மட்டும் பெருசாக்கினா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடுமேன்னுதான் எட்டையும் பெருசாக்கினேன்."